சட்டம் இல்லாத ஒன்பது மாதங்கள்

1781-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் சாமுவேல் சாப்மன் என்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் பிறந்தவர். அமெரிக்கப் புரட்சி மூண்டிருந்த நேரத்தில், 1776 டிசம்பர் 26 அன்று, வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் பிரிட்டிஷ் படையில் சேர்ந்துகொண்டார். 1778-இல் மாநில அரசு அவர் பெயரைச் சொல்லி ஓர் அறிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட கெடுவுக்குள் சரணடைந்து விசாரணைக்கு வர வேண்டும், வராவிட்டால் தேசத்துரோகி என்றது அந்த அறிக்கை. அவர் வரவில்லை. பிற்பாடு சிக்கிக்கொண்டார். கெடு தாண்டிவிட்டதால் சட்டப்படி அவர் ஏற்கெனவே துரோகிதான், தண்டனையை நிறைவேற்ற உத்தரவு போட்டால் போதும் என்றது அரசுத் தரப்பு. தண்டனை தூக்கு.

சாப்மன் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. நான் இந்த மாநிலத்தின் குடியாக ஒருநாளும் இருந்ததில்லை. குடியாக இல்லாதவன் எப்படித் துரோகியாவான்?

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாதம் வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் வாதத்துக்கு ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரத்தைக் கொடுத்ததே பென்சில்வேனியா சட்டமன்றம்தான். 1777 ஜனவரி 28 அன்று அது ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மன்னராட்சிக் காலத்துச் சட்டங்களில் 1776 மே 14 அன்று எவையெல்லாம் நடப்பில் இருந்தனவோ அவை 1777 பிப்ரவரி 10 முதல் மீண்டும் நடப்புக்கு வரும் என்பது அதன் சாரம். மீண்டும் வரும் என்றால் நடுவில் இல்லை என்றுதானே பொருள்? மே 14-க்கும் பிப்ரவரி 10-க்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். சாப்மன் ஊரை விட்டுப் போனது அந்த ஒன்பது மாதங்களுக்குள். அப்போது மன்னரின் அதிகாரம் முடிந்துவிட்டது, மக்களின் அரசு இன்னும் தொடங்கவில்லை. துரோகம் என்றால் என்ன என்று சொல்லும் சட்டமே 1777 பிப்ரவரி 11 அன்றுதான் வந்தது.

வழக்கை நடத்தியவர் தலைமை நீதிபதி தாமஸ் மக்கீன். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிரிட்டிஷார் ஜெயித்திருந்தால் அவர் கழுத்துக்கே கயிறு வந்திருக்கும். அப்படிப்பட்டவர் ஜூரிகளிடம், அன்றைய நிலை இரண்டு நாடுகளுக்கு நடுவே நடந்த போர் அல்ல, ஒரே நாட்டுக்குள் நடந்த உள்நாட்டுப் போர், அந்த இடைவெளியில் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தது என்ற பொருளில் எடுத்துச் சொன்னார். ஜூரிகள் சாப்மனைக் குற்றமற்றவர் என்றார்கள்.

சட்டக் கல்லூரியில் அமெரிக்க வழக்குகளை நாங்கள் படித்தபோது எல்லாம் 1803-இல் தொடங்கும். மார்பரிக்கும் மாடிசனுக்கும் நடந்த வழக்கு, தலைமை நீதிபதி மார்ஷல், நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்று சொன்ன நாள். அதற்கு முன்பு என்ன இருந்தது என்று பேராசிரியர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு சிவில் கோர்ட்டுகளில் பல ஆண்டுகள் வக்காலத்துப் போட்டுப் பழகி, ஓய்வான பின் இந்தப் பழைய மாநில வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புரட்சிக்குப் பின் அந்த நாட்டில் சட்டம் என்பதைக் கையில் வைத்திருந்தவை பதின்மூன்று மாநிலச் சட்டமன்றங்கள். காப்பாற்றியவையும் அவைதான், மீறியவையும் அவைதான். அவற்றுக்கு வேலி போட்டவர்கள் பெரிய தத்துவவாதிகள் அல்ல; கசாப்புக் கடைக்காரர், பட்டுத்துணியைப் பறிகொடுத்தவர்கள், சொத்து இழந்த பெண் என்று வழக்குப் பட்டியலில் பெயர் வந்த மனிதர்கள்.

முதலில் காப்பாற்றிய கதை. அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

1776 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், மன்னர் பெயரால் நடக்கும் அதிகாரம் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு மக்களே அரசு அமைத்துக்கொள்ளுங்கள் என்று குடியேற்றங்களுக்குச் சொன்னது. சொல்வது எளிது. மறுநாள் காலை ஒருவன் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தில் வேலியை நகர்த்திப் போட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது? அடமானப் பத்திரம் செல்லுமா? திருமணம், உயில், பாகப்பிரிவினை? இவையெல்லாம் மன்னர் பெயரில் இயங்கிய நீதிமன்றங்களில், மன்னர் முத்திரையோடு நடந்தவை. ஆகவே பெரும்பாலான மாநிலங்கள் பழைய சட்டத்தைத் தத்தெடுத்தன. வர்ஜீனியா ஒரு கோடு கிழித்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டமும், முதலாம் ஜேம்ஸ் மன்னர் பட்டமேறிய நான்காம் ஆண்டுக்கு முன் அதற்குத் துணையாக நாடாளுமன்றம் இயற்றிய பொதுவான சட்டங்களும் நீடிக்கும் என்றது. நான்காம் ஆண்டு என்றால், தங்கள் முன்னோர் 1606 கடைசியில் ஜேம்ஸ்டவுனை நோக்கிக் கப்பலேறிய காலம். கப்பலேறியபோது கூட வந்த சட்டம் எங்களுடையது, அதற்குப் பிறகு லண்டனில் செய்தது உங்களுடையது என்ற கணக்கு. நியூ ஜெர்சி தன் அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே பழைய சட்டம் நீடிக்கும் என்று எழுதி, ஜூரி விசாரணை என்றைக்கும் பறிக்கப்படாது என்றும் சேர்த்தது. இது மட்டும் போதாதென்று அடுத்த பிரிவில், ஜூரி உரிமையை ஒழிக்கும் எந்தச் சட்டத்துக்கும் உடன்பட மாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் வைத்தது. இந்தச் சத்தியம் நான்கே ஆண்டுகளில் அவர்களைத் திரும்பி வந்து பிடித்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

நம் நாட்டு அரசியல் சாசனத்தில் 372-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பழைய சட்டங்கள், மாற்றப்படும் வரை, தொடர்ந்து செல்லும் என்று சொல்லும் பிரிவு. மேடையில் யாரும் அதைப் பற்றி முழங்குவதில்லை. ஆனால் 1882-இல் வெள்ளைக்காரர் போட்ட சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் கீழ் இன்றைக்கும் கிரயம் எழுதுகிறோம் என்றால் அந்தப் பிரிவால்தான். 1950 ஜனவரி 26 காலையில் நமக்கு ஒன்பது மாத இடைவெளி விழாமல் போனதற்குப் பின்னால் பென்சில்வேனியா போன்ற இடங்கள் பட்ட பாடும் இருக்கிறது.

இடைவெளியை அடைத்த பிறகு அந்தச் சட்டமன்றங்களின் கையில் சேர்ந்த அதிகாரத்தின் அளவைப் பார்க்க வேண்டும். புரட்சிக்கு முன்னால் குடியேற்றச் சட்டமன்றத்துக்கு மேலே ஆளுநர் இருந்தார், அவருக்கு மேலே லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. சட்டத்தைத் தள்ளுபடி செய்யவும், மேல்முறையீட்டைக் கேட்கவும் அதற்கு உரிமை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வழக்குகள் 1949 வரை அந்தப் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன என்பதால் எங்கள் தொழிலில் அந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. 1776-இல் அந்த மேல்தளம் ஒரேயடியாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் உட்கார வேறு யாரும் இல்லாததால் சட்டமன்றமே போய் உட்கார்ந்தது. ஆளுநர்களைப் பார்த்துச் சூடு கண்ட மக்கள் புதிய சாசனங்களில் ஆளுநரைப் பல் பிடுங்கி வைத்தார்கள். பென்சில்வேனியாவில் ஆளுநரே இல்லை, மேலவையும் இல்லை; ஒரே அவை. நீதிபதிகளையும் பல மாநிலங்களில் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. ரோட் ஐலண்டில் ஆண்டுதோறும்.

அதிகாரம் ஓரிடத்தில் சேர்ந்தால் மனுக்களும் அங்கேதான் வரும். வழக்கில் தோற்றவர் மறு விசாரணை கேட்டு வந்தார். கணவனோடு வாழ முடியாதவள் மணமுறிவு கேட்டு வந்தாள். கடனாளி அவகாசம் கேட்டு வந்தார். அவை கைதூக்கி வாக்களித்து, தீர்ப்பைப் புரட்டியது, அபராதத்தை ரத்து செய்தது. இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கஷ்டம் என்று வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத, அவருடைய ஊர்க்காரர்களே உட்கார்ந்திருந்த அவை அது. ஆனால் எதிர்த்தரப்பு யார், அவருக்கு நோட்டீஸ் போனதா என்று கேட்காமல் கொடுத்த நிவாரணம் இன்னொருவர் தலையில் விழுந்த அநியாயமாகிவிடும். கோர்ட்டில் ஒருதலைப்பட்ச உத்தரவு வாங்கியவர் முகத்தையும் அதனால் அடிபட்டவர் முகத்தையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர்க்காலத்தில் இது இன்னும் கூர்மையானது. பெயர் சொல்லி, விசாரணை இல்லாமல், ஒரு மனிதனைச் சட்டத்தாலேயே குற்றவாளி என்று அறிவிப்பது இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் பழைய வழக்கம். புரட்சி மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 1778 மார்ச் 6 அன்று பென்சில்வேனியா போட்ட அத்தகைய சட்டத்தில் இருந்த பெயர்களில் ஒன்று ஜோசப் காலவே. அவர் யாரென்றால், புரட்சிக்கு முன் அதே மாகாணச் சட்டமன்றத்தின் சபாநாயகராகப் பல ஆண்டுகள் இருந்தவர். பிரிட்டிஷார் பக்கம் போய், அவர்கள் பிலடெல்பியாவைப் பிடித்து வைத்திருந்தபோது நகர நிர்வாகத்தை நடத்தினார். படை வெளியேறியபோது மகளோடு கிளம்பிவிட்டார். மனைவி கிரேஸ் மட்டும் ஊரிலேயே தங்கினார்.

தங்கியதற்குக் காரணம் சொத்து. அவை கணவர் வழிச் சொத்துகள் அல்ல. பெரும்பகுதி அவருடைய தந்தை லாரன்ஸ் குரோடன் வழியாக வந்தவை. ஆனால் அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணின் நிலத்தை ஆண்டு அனுபவிக்கும் உரிமை கணவனுக்கு. கணவன் துரோகி என்றதும் அந்த அனுபவ உரிமை மாநிலத்துக்குப் போய்விட்டது. 1778 ஆகஸ்டில் பறிமுதல் அதிகாரிகள் மார்க்கெட் தெரு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் சார்லஸ் வில்சன் பீல், வாஷிங்டனை வரைந்து புகழ் பெற்ற ஓவியர். கிரேஸ் கதவைத் திறக்க மறுத்தார். கதவை வலுவில் திறந்து உள்ளே போய் அவரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு வாடகை அறைகளில் வாழ்ந்தபடி நாட்குறிப்பு எழுதினார். அது இன்றைக்கும் இருக்கிறது. கணவரையும் மகளையும் மறுபடி பார்க்காமல் 1782-இல் இறந்தார்.

எந்த வில்லங்கச் சான்றிதழைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி, விற்றவருக்கு விற்க என்ன உரிமை இருந்தது என்பதுதான். மாநிலம் பறித்து ஏலம் விட்டது ஜோசப்பின் ஆயுட்கால அனுபவ உரிமையை மட்டுமே. மூல உரிமை கிரேஸுடையது, அவர் எந்தத் துரோகமும் செய்ததாகச் சட்டத்தில் இல்லை. ஜோசப் 1803-இல் இங்கிலாந்தில் இறந்ததும் வாங்கியவர்கள் கையிலிருந்த உரிமை தீர்ந்துபோனது. நிலங்களை வாரிசுகள் மீட்டார்கள். பெண்ணின் உரிமையைக் கணவனுக்குள் மறைத்து வைத்த அதே பழைய சட்டம்தான் கடைசியில் அவளுடைய சொத்தைச் சட்டமன்றத்திடமிருந்து காப்பாற்றியது. வீட்டை விட்டு வெளியேற மறுத்து கதவைப் பூட்டிக்கொண்ட அந்த அம்மாளின் சட்ட அறிவை நான் மதிக்கிறேன். ஊரை விட்டுக் கணவரோடு போயிருந்தால் தம்முடைய உரிமையையும் பறிக்க வழி கிடைத்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

நியூயார்க் 1779 அக்டோபரில் 59 பேரைப் பெயர் சொல்லிக் குற்றவாளிகளாக்கியது. அதில் மூன்று பேர் பெண்கள். வர்ஜீனியாவில் 1778 மே மாதம் ஜொசையா பிலிப்ஸ் என்ற கொள்ளைக்காரன்மீது இப்படி ஒரு சட்டம் வந்தது. வரைவு எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். அப்போது ஆளுநர் பேட்ரிக் ஹென்றி. ஜூன் கடைசிக்குள் சரணடையாவிட்டால் கண்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்றது சட்டம். அதற்குள் பிலிப்ஸ் பிடிபட்டுவிட்டான். மாநிலத் தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃப் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கவில்லை. சாதாரண வழிப்பறி வழக்காகப் போட்டு, 28 ஃபெல்ட் தொப்பிகளையும் 5 பவுண்டு சணல் கயிற்றையும் பறித்தான் என்று குற்றப் பத்திரிகை வைத்து, ஜூரி முன் நிரூபித்துத் தூக்கில் போட வைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1788-இல், கூட்டாட்சி அரசியல் சாசனத்தை ஏற்பதா என்று விவாதித்த வர்ஜீனியா மாநாட்டில் பேசியபோது அதே ராண்டால்ஃப், விசாரணையே இல்லாமல் ஒருவனைச் சட்டமன்றம் கொன்றது என்று பொங்கினார். ஹென்றியும் அப்படி நடந்ததாகவே வைத்துக்கொண்டு அதை நியாயப்படுத்தினார். தாமே நடத்திய வழக்கு ராண்டால்ஃப் நினைவில் மாறிப்போயிருந்தது. நடக்காத ஒன்று எல்லோர் மனத்திலும் நடந்ததாகப் பதியும் அளவுக்கு அந்தச் சட்டம் உறுத்தியிருக்கிறது.

இப்போது நியூ ஜெர்சி சத்தியத்துக்கு வருகிறேன். நியூயார்க் நகரம் போர் முடியும் வரை பிரிட்டிஷார் கையில் இருந்தது. எதிர்க்கரையில் மான்மவுத் கவுண்டி. இரவோடு இரவாகச் சரக்கு கடத்துவார்கள். கடத்தல் சரக்கை யார் பிடித்தாலும் அருகிலுள்ள அமைதி நீதிபதியிடம் கொண்டு போகலாம், ஆறு பேர் கொண்ட ஜூரி தீர்ப்புச் சொல்லும், மேல்முறையீடு கிடையாது என்று 1778 அக்டோபரில் சட்டமன்றம் சட்டம் போட்டது. எலிஷா வால்டன் என்ற மேஜர், ஹோம்ஸ், கெட்சம் என்ற இருவரிடமிருந்து பட்டுத்துணிகளைப் பறிமுதல் செய்தார். ஆறு பேர் ஜூரி வால்டன் பக்கம் சொன்னது. துணியை இழந்த இருவரும் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜூரி என்றால் பன்னிரண்டு பேர், அதை ஆறாக்கச் சட்டமன்றத்துக்கு உரிமையில்லை, அதற்காகத்தானே உறுப்பினர்கள் சத்தியம் செய்தார்கள் என்பது வாதம். 1780 செப்டம்பர் 7 அன்று தலைமை நீதிபதி டேவிட் பிரியர்லி தீர்ப்பளித்தார். ஆறு பேர் தீர்ப்பு நிற்கவில்லை.

பிரியர்லி எழுதிய காரணங்கள் அடங்கிய ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. என்ன சொன்னார் என்பதை மான்மவுத் மக்கள் கோபத்தில் எழுதிய மனுவிலிருந்து தெரிந்துகொள்கிறோம். நீதிபதிகள் சட்டமன்றத்தின் சட்டங்களையே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தள்ளுகிறார்கள் என்று அறுபது பேர் அவைக்குப் புகார் கொடுத்தார்கள். அந்த மக்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எதிரி தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், வீடுகள் எரிகின்றன, அந்த நேரத்தில் கடத்தல்காரனுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம் என்று அவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. சட்டமன்றம் நிதானமாக நடந்துகொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், கேட்டால் பன்னிரண்டு பேர் ஜூரி தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது.

ரோட் ஐலண்டில் அவ்வளவு சுமுகமாக முடியவில்லை.

போர் முடிந்து விவசாயிகள் வரியிலும் கடனிலும் மூழ்கியிருந்தார்கள். வெள்ளி, தங்க நாணயம் கண்ணில் படவில்லை. 1786 மே மாதம் கடனாளிகள் பக்கம் நின்ற கட்சி சட்டமன்றத்தைப் பிடித்து, ஒரு லட்சம் பவுண்டுக்குக் காகிதப் பணம் அச்சிட்டு, நில அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தது. வணிகர்கள் காகிதத்தை வாங்க மறுத்தார்கள். வாங்க மறுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. அதற்கும் மசியவில்லை. ஆகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. புகார் வந்த மூன்று நாட்களுக்குள் சிறப்பு நீதிமன்றம் கூட வேண்டும், ஜூரி கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

நியூபோர்ட்டில் ஜான் வீடன் என்ற கசாப்புக் கடைக்காரர். ஜான் டிரெவெட் என்பவர் இறைச்சி வாங்கக் காகிதத்தை நீட்டினார். நாணயத்துக்குச் சமமாக இதை ஏற்க முடியாது என்றார் வீடன். புகார் போனது. வீடனுக்காக வாதாடியவர் ஜேம்ஸ் வார்னம், புரட்சிப் போரில் தளபதியாக இருந்தவர். ஜூரி விசாரணை சட்டமன்றம் கொடுத்ததல்ல, அது பறிக்கவும் முடியாது, மக்கள் கொடுத்த அதிகாரத்துக்குள்தான் சட்டமன்றம் நிற்க முடியும் என்று அவர் வாதாடினார். இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ரோட் ஐலண்டில் எழுதிய புதிய அரசியல் சாசனமே கிடையாது. 1663-இல் மன்னர் சார்லஸ் கொடுத்த சாசனத்தில் மன்னர் பெயரை மட்டும் விட்டுவிட்டு அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதாத வரம்பை வைத்து எழுதிய சட்டத்தை எதிர்க்க வேண்டும். அதுவும், ஆண்டுதோறும் அதே சட்டமன்றம் நியமிக்கிற ஐந்து நீதிபதிகள் முன்னால்.

செப்டம்பர் 26 அன்று நீதிபதிகள் சொன்னது ஒரு வரி. இந்தப் புகார் எங்கள் விசாரணை வரம்புக்குள் வராது. சட்டம் செல்லாது என்று வாய் திறந்து சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் நுட்பம் புரியும். மோதலைத் தேடாமல், ஆனால் அசையாமல், சட்டத்தைச் செயலிழக்க வைத்துவிட்டார்கள். ஐவரில் ஜோசப் ஹசார்ட் காகிதப் பணத்தை ஆதரித்த கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். தன் கட்சியின் சட்டம் என்று அவர் சாய்ந்துவிடவில்லை.

சட்டமன்றம் நீதிபதிகளுக்குச் சம்மன் அனுப்பியது. ஏன் இப்படித் தீர்ப்பளித்தீர்கள் என்று வந்து காரணம் சொல்லுங்கள் என்றது. மூவர் அவை முன் நின்றார்கள். அவர்களில் டேவிட் ஹவல் மணிக்கணக்கில் பேசினார். சட்டம் ஏன் நிற்காது என்று விளக்கிவிட்டு, தீர்ப்புக்காக எந்த மன்றத்துக்கும் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இல்லை என்றும் சொன்னார். கேட்டதால் விளக்கம் தருகிறோம், விசாரித்தால் ஏற்க மாட்டோம் என்பது அவர் நிலை. அவர்களைப் பதவி நீக்கப் பேச்சு கிளம்பியதும், முறையான குற்றச்சாட்டும் முறையான விசாரணையும் இல்லாமல் நீக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவை தன் சொந்தத் தலைமை வழக்கறிஞரைக் கேட்டது. அவரும் அதையே சொன்னார். கடைசியில், காரணங்கள் திருப்தியாக இல்லை, ஆனால் குற்றம் எதுவும் இல்லை என்று தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டது. அடுத்த மே மாதம் வழக்கமான நியமனம் வந்தது. தலைமை நீதிபதி பால் மம்ஃபோர்டைத் தவிர மற்ற நால்வருக்கும் பதவி கிடைக்கவில்லை.

1964 மார்ச்சில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம், தான் சிறைக்கு அனுப்பிய ஒருவருக்கு ஜாமீன் கொடுத்ததற்காக அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளைக் காவலில் கொண்டுவந்து அவை முன் நிறுத்தச் சொன்னது. 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு நீதிபதிகள் பக்கம் நின்றது. அந்த நீதிபதிகளைப் பாதுகாக்க எழுதிய அரசியல் சாசனம் இருந்தது, ஓய்வு வயது வரை பதவி உறுதி இருந்தது. ஹவலுக்கும் ஹசார்டுக்கும் இரண்டும் இல்லை. அடுத்த மே மாதம் என்ன நடக்கும் என்று தெரிந்தே நின்றார்கள். அதனால்தான் மார்ஷலைவிட இவர்களை நான் மேலே வைக்கிறேன்.

1787-இல் பிலடெல்பியாவில் கூட்டாட்சி அரசியல் சாசனம் எழுதக் கூடியபோது ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. ஆனால் அதன் நிழல் அந்த அறையில் இருந்தது. முதல் உறுப்பின் பத்தாம் பிரிவைப் படித்தால், இந்தப் பத்து ஆண்டு வழக்குகளின் பட்டியலைப் படிப்பது போலத்தான் இருக்கும். எந்த மாநிலமும் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, பெயர் சொல்லித் தண்டிக்கும் சட்டம் போடக் கூடாது, செய்தபோது குற்றமல்லாததைப் பின்னால் குற்றமாக்கக் கூடாது, ஒப்பந்தக் கடமையைக் குலைக்கக் கூடாது. நியூ ஜெர்சி சார்பில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் டேவிட் பிரியர்லி. பின்னால் குற்றமாக்கக் கூடாது என்ற விதி நம் சாசனத்தின் 20-ஆம் பிரிவிலும் நிற்கிறது.

ஆனாலும் தீர்ப்பைப் புரட்டும் பழக்கம் உடனே போய்விடவில்லை. கனெக்டிகட்டில் நார்மண்ட் மாரிசன் என்பவரின் உயிலை 1793-இல் ஹார்ட்ஃபோர்ட் உயில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டுக் கெடுவும் தாண்டிவிட்டது. 1795-இல் சட்டமன்றம் தலையிட்டு மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. மறு விசாரணையில் உயில் செல்லும் என்றானது. சொத்து கை மாறியது. சொத்தை இழந்த கால்டர் தம்பதி கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1798-இல் நீதிபதி சாமுவேல் சேஸ், பின்தேதியிட்டுச் சட்டம் போடக் கூடாது என்ற தடை குற்றவியல் சட்டங்களுக்கு மட்டும்தான், சொத்து வழக்குக்கு இல்லை என்று கூறி அவர்களைத் திருப்பி அனுப்பினார். தீர்ப்பு முடிந்து கெடுவும் கடந்த பிறகு அவையில் கைதூக்கி ஒருவர் சொத்தை இன்னொருவருக்குத் தருவதற்கு வழி திறந்து வைத்த தீர்ப்பு அது. சட்ட நுணுக்கத்தில் சேஸ் சரியாக இருக்கலாம். எனக்கு ஒருநாளும் மனம் ஒப்பியதில்லை.

கனெக்டிகட் 1818-இல் புதிய சாசனம் எழுதி அதிகாரங்களைப் பிரித்தது. ரோட் ஐலண்ட் இன்னும் தாமதித்தது. வாக்குரிமைக்காகப் போராடிய தாமஸ் டார் என்பவருக்கு அங்கே 1844-இல் தேசத்துரோகத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டு விடுவித்தார்கள். 1854-இல் சட்டமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்து சட்டம் போட்டது. டார் மீது எனக்கு மரியாதை அதிகம், அந்தத் தண்டனை அநியாயம். ஆனாலும் தீர்ப்பை ரத்து செய்வது உங்கள் வேலை அல்ல என்று அவைக்குக் கருத்துச் சொன்ன நீதிபதிகள் சரியாகத்தான் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1856-இல், ஒரு சாதாரணக் கடன் வழக்கு வந்தது. தோற்றவர் வழக்கம்போல் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டு, தீர்ப்பை நீக்கி மறு விசாரணை தரச் சொல்லும் உத்தரவு ஒன்றை வாங்கி வந்திருந்தார். தலைமை நீதிபதி சாமுவேல் ஏம்ஸ், 1843-இல் நடப்புக்கு வந்த புதிய சாசனத்தின்படி சட்டமன்றத்துக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லை என்றார். வாங்கி வந்த உத்தரவு செல்லவில்லை. பழைய தீர்ப்பு நின்றது.